உர்க்லாவே: பென்சில்வேனியா டச்சு மண்ணில் புதியவருக்கு முதல் ஒரு வருடம்

ஜெர்மானியப் பழஞ்சமயத்தை மீட்டெடுக்கும் குழுக்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறைய உண்டு. பெரும்பாலானவை ஐஸ்லாந்தின் இடைக்கால ஏடுகளைப் பிடித்துக்கொண்டு ஒடின், தோர், வைகிங் என்று போகும். உர்க்லாவேயின் பாதை வேறு. பென்சில்வேனியா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் முந்நூறு ஆண்டுகளாக வாழும் ஜெர்மன் வம்சாவளி மக்களின் கைவைத்தியத்திலும் விதைப்பு வழக்கத்திலும் பேய்க்கதைகளிலும் அடுப்படியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய சமயத்தின் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றையே வழிபாட்டு முறையாக ஆக்கிக்கொண்டது இது. ராபர்ட் ஷ்ரைவர் என்பவர் 2007-ல் தொடங்கினார். சமயம் புதிது, அதன் கச்சாப்பொருள்தான் பழசு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்.

வெறும் ஆர்வத்தில் படிக்க வந்தவரும் இருப்பீர்கள். நியூ ஜெர்சியிலோ ஃபிலடெல்ஃபியாவிலோ குடியிருந்துகொண்டு, நேரில் போய்ப் பார்த்தால் என்ன என்று நினைப்பவரும் இருப்பீர்கள். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். தெய்வங்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் ஆரம்பிக்காதீர்கள். ரூன் எழுத்து, கொம்புக் கிண்ணம், சுத்தியல் டாலர் எதையும் வாங்காதீர்கள். தோட்டத்தில் ஒரு வழக்கம், சமையலறையில் ஒரு வழக்கம் என்று எடுத்துக்கொண்டு ஒரு முழு வருடம் செய்யுங்கள். இந்தச் சமயத்துக்கு வாசல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

முதல் வேலை: யாருடைய வழக்கம் இது?

இந்த ஜெர்மன் வம்சாவளி மக்களுக்குத்தான் பென்சில்வேனியா டச்சு என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் குதிரை வண்டியும் கறுப்புத் தொப்பியுமாக அமிஷ் மக்கள்தான் கண்ணில் நிற்பார்கள். சுற்றுலாக்காரர்கள் அப்படிப் பழக்கிவிட்டார்கள். உண்மையில் 1683-ல் கிரெஃபெல்ட் பகுதியிலிருந்து வந்த 13 குடும்பங்கள் ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் ஜெர்மன்டவுன் என்ற ஊரை அமைத்ததில் தொடங்கி, 18-ஆம் நூற்றாண்டு முழுக்க ரைன் நதிக்கரையின் ஃபால்ஸ் நாட்டிலிருந்தும், சுவிட்சர்லாந்து, அல்சாஸ், வூர்ட்டம்பெர்க் பகுதிகளிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். போர், வரி, பஞ்சம் என்று காரணங்கள் பல. வந்தவர்களில் பெரும்பாலோர் லூதரன் சபையையும் சீர்திருத்த சபையையும் சேர்ந்தவர்கள். அமிஷும் மென்னொனைட்டும் அதில் சிறுபான்மை. நாட்டு மருத்துவம், களஞ்சிய நட்சத்திரம், வேடம் போட்டு வீடு வீடாகப் போகும் கிறிஸ்துமஸ் கூத்து எல்லாம் அந்தப் பெரும்பான்மையிடம் செழித்தவை.

ஆகவே லங்காஸ்டரில் குதிரை வண்டிச் சவாரி போய்விட்டு உர்க்லாவே எங்கே என்று தேடாதீர்கள். வடக்கே பெர்க்ஸ் கவுன்டிக்குப் போங்கள். அங்கே குட்ஸ்டவுன் என்று ஒரு சிறிய ஊர். அதன் பல்கலைக்கழகத்தில் பென்சில்வேனியா ஜெர்மன் பண்பாட்டு மரபு மையம் இருக்கிறது. 1950-ல் டான் யோடர், ஆல்ஃபிரெட் ஷூமேக்கர், வில்லியம் ஃப்ரே என்ற மூன்று அறிஞர்கள் தொடங்கிய நாட்டுப்புற விழா கோடையில் அதே ஊரில்தான் நடக்கிறது. விழாவுக்குப் போனால் கூட்டம், பலகாரம், கைவினைக் கடைகள். மையத்துக்குப் போனால் பழைய பள்ளிக்கூடம், மரவீடு, ஆவணங்கள். நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மையத்துக்குப் போங்கள்.

அங்கிருந்து பழைய 22-ஆம் எண் சாலையில் லென்ஹார்ட்ஸ்வில் பக்கம் மெதுவாக வண்டியை ஓட்டுங்கள். வழி நெடுகப் பெரிய மரக்களஞ்சியங்கள். முகப்புப் பலகையில் வட்டத்துக்குள் ஐந்து முனை, ஆறு இதழ், எட்டு முனை நட்சத்திரங்கள். காம்பஸ் வைத்து நேரடியாகப் பலகையிலேயே கோடு கீறி வர்ணம் பூசியவை. ரொம்பப் பழைய களஞ்சியமாக இருந்தால் வர்ணம் முழுக்க உதிர்ந்திருக்கும், நட்சத்திரம் மட்டும் போயிருக்காது. வர்ணம் மூடியிருந்த இடத்தில் மரம் அரிக்காமல், சுற்றியுள்ள பலகை வெயிலிலும் மழையிலும் தேய்ந்துபோனதால், அதன் வடிவம் லேசாகப் புடைத்து நிற்கும். கடைகளில் தொங்கும் வட்டத் தகடுகள் பெரும்பாலும் 1950-களுக்குப் பிறகு சுற்றுலாச் சந்தைக்காக உருவானவை. அழகாக இருக்கும், வாங்குவதும் தப்பில்லை. ஆனால் மழைக்கு இது, காதலுக்கு இது, செல்வத்துக்கு இது என்று கூடவே ஒட்டியிருக்கும் பொருள்சீட்டைப் பழைய மறைஞானம் என்று நம்பிவிடாதீர்கள். நட்சத்திரம் காவலுக்கா, அழகுக்கா என்பதில் ஆராய்ச்சியாளர்களே நூறு வருடமாகச் சண்டை போடுகிறார்கள். உர்க்லாவேக்காரர்கள் காவல் என்ற பக்கம் நிற்பவர்கள்.

இரண்டாவது: படிக்க வேண்டியது

எட்வின் ஃபோகல் என்ற மொழியியலாளர் 1915-ல் பென்சில்வேனியா ஜெர்மானியர்களின் நம்பிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நம்பிக்கைகள், கதை அலங்காரம் எதுவும் இல்லாமல் ஒற்றை ஒற்றை வரியாக. புதியவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரிந்து இல்லை. இயேசு விண்ணேற்பு நாளில் ஊசி நூல் தொடாதே, தொட்டால் வீட்டில் இடி விழும். கிழங்கு வகையைத் தேய்பிறையில் போடு, மண்ணுக்கு மேலே காய்ப்பதை வளர்பிறையில் போடு. இப்படியே போகும். விவசாயிகள் இதற்கென்றே பஞ்சாங்கம் வைத்திருந்தார்கள். 1825-ல் லங்காஸ்டரில் தொடங்கிய பேர்ஸ் பஞ்சாங்கம் அடுப்பு மாடத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்காத பண்ணைவீடு அபூர்வம்.

படிக்கும்போது கையில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் இந்த வருடம் செய்யக்கூடியதற்கு ஒரு குறி, கதையாக மட்டும் ருசிப்பதற்கு ஒரு குறி. இன்னொரு குறியும் வேண்டும்: இதில் பழஞ்சமயம் எங்கே இருக்கிறது என்று சந்தேகம் வரும் இடங்களுக்கு. இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், எந்த வழக்கத்தைத் தோண்டினாலும் அடியில் ஒரு தெய்வம் கிடைக்கும் என்ற ஆசை இந்த மாதிரி இயக்கங்களில் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். நிறைய வழக்கங்கள் சுத்தமான கிறிஸ்தவ வழக்கங்கள்தான். புனித வியாழன் அன்று பச்சையாக ஏதாவது சாப்பிட வேண்டும் என்று டான்டிலியன் கீரையைப் பறித்து, பன்றி இறைச்சிக் கொழுப்பைச் சூடாக ஊற்றிப் பிசைந்து தின்கிறார்கள். அது தவக்காலத்தோடு சேர்ந்து வந்தது. அதை வசந்தத்தின் முதல் கீரை என்று உர்க்லாவேக்காரர் மதித்து உண்ணலாம், யாரும் தடுக்கவில்லை. மூவாயிரம் வருடத்துப் பழக்கம் என்று மேடையில் சொன்னால்தான் தகராறு.

சரி, அப்படியானால் உறுதியான இணைப்பு எதுவுமே இல்லையா? இருக்கிறது. 1841-ல் ஜெர்மனியின் மெர்ஸபுர்க் தேவாலய நூலகத்தில் ஒரு பழைய ஏட்டில் இரண்டு மந்திரங்கள் கிடைத்தன. பத்தாம் நூற்றாண்டை ஒட்டி எழுதி வைத்தவை. அதில் ஒன்றில் குதிரையின் கால் சுளுக்கிக்கொள்கிறது. தெய்வங்கள் ஒவ்வொருவராக ஓதுகிறார்கள். கடைசியில் வோடன், அதாவது ஒடின், ஓதுகிறார். எலும்பு எலும்போடு, இரத்தம் இரத்தத்தோடு, மூட்டு மூட்டோடு ஒட்டட்டும் என்று முடிகிறது. இதே அச்சில் வார்த்த சுளுக்கு மந்திரங்கள் பிற்காலத்தில் ஐரோப்பா எங்கும் இயேசுவின் பெயரிலும் புனிதர்களின் பெயரிலும் புழங்கின. ஓதுகிறவரின் பெயர் மாறிவிட்டது, ஓதும் முறை மாறவில்லை. உர்க்லாவேயின் மொத்த வாதமும் இந்த இடத்தில் காலூன்றித்தான் நிற்கிறது.

மூன்றாவது: வருடத்தைப் பிடியுங்கள்

வருடம் தொடங்குவது ஃபிப்ரவரி 2-ல் என்று வைத்துக்கொண்டால் வசதி. க்ரவுண்ட்ஹாக் தினம். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பெரிய அணிலினம் க்ரவுண்ட்ஹாக். வளையிலிருந்து அந்தப் பிராணி வெளியே வந்து தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர், பார்க்காவிட்டால் வசந்தம் சீக்கிரம். அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டும் பங்ஸடானி ஊர்க் கூத்து 1887-லிருந்து நடக்கிறது. அது மாநிலத்தின் மேற்குப் பக்கம். ஜெர்மனியில் இந்த வேலையை பேட்ஜர் என்ற வளைக்கரடி செய்தது. புது நாட்டில் பண்ணைக்குப் பண்ணை வளை தோண்டிக் கிடந்தது க்ரவுண்ட்ஹாக் என்பதால் பதவி அதற்குப் போய்ச் சேர்ந்தது. கிழக்குப் பென்சில்வேனியாவில் 1934 முதல் க்ரவுண்ட்ஹாக் சங்கங்கள் கூட்டம் போடுகின்றன. விருந்து, பாட்டு, நாடகம் எல்லாமே டைட்ச் என்ற அவர்களுடைய ஜெர்மன் வட்டார மொழியில். ஆங்கிலத்தில் பேசினால் அபராதம். இதைச் சங்கத்தார் சமயமாக நினைப்பதில்லை, பாதிரியார்களும் வந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். உர்க்லாவேக்காரர்களுக்கோ அந்தப் பிராணி பூமிக்குக் கீழே போய்விட்டுத் திரும்பி வரும் தூதர்.

அதே நாளுக்கு ஒரு பழமொழியும் உண்டு: இன்றோடு நூற்பதை மற, இரவுச் சாப்பாட்டைப் பகல் வெளிச்சத்தில் முடி. நீங்கள் செய்யக்கூடிய மிகச் சின்ன முதல் அனுசரிப்பு இதுதான். ஃபிப்ரவரி 2 அன்று விளக்கைப் போடாமல், இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். அங்கே அன்று சூரியன் மறைவது மாலை ஐந்தரை மணியை ஒட்டி, ஆகையால் அலுவலகத்திலிருந்து கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும்.

மற்ற நாட்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் சம இரவு நாள். ஏப்ரல் 30 இரவு வால்புர்கிஸ் இரவு. குளிர்காலம் முழுவதும் ஆவிகளின் வேட்டைப் படையோடு வானத்தில் அலைந்த ஹோலே என்ற பெண் தெய்வம் வீடு திரும்புகிறாள் என்பது உர்க்லாவே நம்பிக்கை. மே நடுவில் கடைசிப் பனி விழும் என்று பழைய தோட்டக்காரர்கள் தக்காளி நாற்றை அதுவரை வெளியே வைக்க மாட்டார்கள்; இந்த ஒன்றை நீங்கள் நம்பாவிட்டாலும் நாற்று கருகினால் நம்பிவிடுவீர்கள். ஜூனில் நெடும்பகல், ஆகஸ்ட் தொடக்கத்தில் முதல் அறுவடை, செப்டம்பரில் இரண்டாவது சம இரவு, அக்டோபர் 31, டிசம்பர் கடைசியில் பன்னிரண்டு இரவுகளாக யூல் என்ற நடுக்குளிர்காலப் பண்டிகை. டிசம்பரில் தோல் போர்த்தி, முகத்தில் கரி பூசி, கையில் பிரம்போடு பெல்ஸ்நிக்கல் வீட்டுக்கு வருவார். கொட்டைகளைத் தரையில் வீசுவார், குழந்தைகள் பாய்ந்து பொறுக்கும்போது பிரம்பால் ஒன்று போடுவார். சாண்டா கிளாஸைவிட எனக்கு இவரைத்தான் பிடிக்கும்.

எல்லா நாளையும் முதல் வருடத்திலேயே கொண்டாட முயல வேண்டாம். ஃபிப்ரவரி 2, அக்டோபர் 31 இரண்டையும் மட்டும் விடாதீர்கள். காரணம் அடுத்து வருகிறது.

நான்காவது: புட்ஸமான் செய்வது

உர்க்லாவேயை மற்ற ஜெர்மானியக் குழுக்களிலிருந்து உடனே அடையாளம் காட்டும் வழக்கம் இது. பார்த்தால் நம் சோளக்கொல்லை பொம்மைதான். ஆனால் காக்கை விரட்டுவதோடு அதன் வேலை முடிவதில்லை. சென்ற வருடத்துப் பயிரின் உயிர் அந்த உடலுக்குள் குடியேறி, இந்த வருடப் பயிருக்கும் வீட்டுக்கும் எல்லைக்கும் காவல் நிற்கிறது என்பது நம்பிக்கை. பெண்ணாகவும் செய்யலாம், அப்போது பெயர் புட்ஸஃப்ரா. ஜெர்மன் நாட்டுப்புறத்தில் புட்ஸமான் என்றால் குழந்தைகளைப் பயமுறுத்தும் பூச்சாண்டி. அதைக் காவல் உருவமாக்கி இந்தச் சடங்கு வடிவத்துக்குக் கொண்டுவந்தது இன்றைய உர்க்லாவே.

முந்தைய இலையுதிர்காலத்திலேயே வேலை ஆரம்பித்துவிடும். உங்கள் தோட்டத்தில் விளைந்த சோளத்தட்டை, காய்ந்த அவரைக்கொடி, சூரியகாந்தித் தண்டு எதையாவது தூக்கிப் போடாமல் கட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். சென்ற வருடத்துப் பயிர் உடலில் இருக்க வேண்டும், அதுதான் விஷயம். தோட்டமே இல்லாதவர்கள் அக்டோபரில் சாலையோரப் பண்ணைக் கடைகளில் அலங்காரத்துக்கு விற்கும் சோளத்தட்டைக் கட்டு ஒன்று வாங்கி வைக்கலாம். அடுக்குமாடி வீட்டுக்காரர் பூந்தொட்டியில் குத்தி வைக்கிற அளவுக்குச் சோள உமியில் ஒரு சாண் உயரத்தில் செய்தால் போதும்.

ஜனவரியில் ஒரு நாள் உட்கார்ந்து கட்டுங்கள். இரண்டு குச்சிகளைக் குறுக்காக வைத்துச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். அதன்மேல் தட்டையையும் வைக்கோலையும் சுற்றி, இடையிடையே கயிறு. கம்பி, பிளாஸ்டிக் நூல், செல்லோடேப் எதுவும் கூடாது. பாலியெஸ்டர் சட்டை கூடாது. பழைய பருத்திச் சட்டை போடுங்கள். இதெல்லாம் சாஸ்திரத்துக்காகச் சொல்வதில்லை, கடைசியில் இதை எரிக்கப் போகிறீர்கள், புகையை நீங்கள்தான் சுவாசிப்பீர்கள். தலைக்குத் துணி மூட்டை, முகத்துக்கு அடுப்புக்கரி. நெஞ்சுக்குள் சென்ற வருடத்து விதைகளைச் சின்ன முடிப்பாகக் கட்டி வைக்கலாம்.

ஃபிப்ரவரி 2 அன்று உயிர் கொடுக்கும் சடங்கு. குழுவுக்குக் குழு விவரம் மாறும், எலும்புக்கூடு இதுதான். கண்ணைத் தொட்டுக் காணச் சொல்கிறீர்கள், காதைத் தொட்டுக் கேட்கச் சொல்கிறீர்கள், வாயைத் தொட்டுப் பேசச் சொல்கிறீர்கள். மூச்சை ஊதுகிறீர்கள். பெயர் வைக்கிறீர்கள். பிறகு வேலையைச் சொல்கிறீர்கள்: எது எல்லை, யார் யார் வீட்டார், என்ன பயிர் போடப் போகிறோம். அதற்குப் பதிலாக நீங்கள் என்ன தருவீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உணவு, பானம், கிழிந்தால் மாற்றுச் சட்டை. இந்தப் பேரம்தான் சடங்கின் நடு. வருடம் முழுக்க நினைவில் வைத்துச் செய்ய முடியாததை வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதல் வருடம் வாரம் ஒரு குவளை தண்ணீரும் முதல் காயும் என்று வைத்துக்கொண்டால் தாராளம்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று: ஃபிப்ரவரியில் அந்த ஊர் மண் கல்லாக உறைந்திருக்கும், கம்பு இறங்காது. நவம்பரிலேயே கம்பை நட்டு வைத்துவிடுங்கள், அல்லது வாசல் திண்ணையில் நிறுத்திவிட்டு மண் இளகியதும் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். ஜூலைக்குள் மழையில் நனைந்து தோள் தொங்கிவிடும், குருவி வைக்கோலை உருவிக்கொண்டு போகும். கயிற்றை மட்டும் இறுக்கிவிடுங்கள். வேலையில் இருப்பவருக்குக் கொஞ்சம் தேய்மானம் இருக்கத்தான் செய்யும்.

பயிர் வந்ததும் முதல் பறிப்பில் ஒன்றை அதன் காலடியில் வையுங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்களிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

அக்டோபர் 31-க்குள் எரித்துவிட வேண்டும். அந்த இரவோடு உள்ளே இருந்த உயிர் வேட்டைப் படையோடு கிளம்பிவிடுகிறது. காலியான உடலை நிறுத்தி வைத்தால் வேண்டாத ஏதாவது உள்ளே புகுந்துகொள்ளும் என்பார்கள். எரிப்பதற்கு முன் நன்றி சொல்லி, இந்த வருடத்துத் தோட்டத்திலிருந்து கொஞ்சம் தட்டையை அடுத்தவருக்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் தோட்டத்துக்கே. திறந்தவெளியில் நெருப்பு மூட்ட உங்கள் ஊரில் அனுமதி உண்டா என்பதை அக்டோபர் தொடக்கத்திலேயே விசாரியுங்கள். வறண்ட இலையுதிர்காலத்தில் தடை போட்டுவிடுவார்கள். அடுக்குமாடிக்காரர் நண்பர் வீட்டு அடுப்புத்தொட்டியைக் கடன் கேளுங்கள். வீட்டுக்குள் எரித்துப் புகை அலாரத்தை எழுப்ப வேண்டாம்.

ஐந்தாவது: இப்போது தெய்வங்களிடம் வரலாம்

ஒரு பொம்மையோடு ஆறேழு மாதம் பேசிப் பழகிய பிறகு, ஹோலே யார் என்ற கேள்வி வேறு மாதிரி கேட்கும். கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட கதையில் அவள் இறகு மெத்தையை உதறினால் பூமியில் பனி விழும். உழைத்தவளுக்குப் பொன், சோம்பேறிக்குத் தார். உர்க்லாவேயில் அவள் முதன்மைத் தெய்வங்களில் ஒருத்தி, வேட்டைப் படையின் தலைவி, இறந்தவர்களையும் பிறக்கப் போகிறவர்களையும் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்கு அக்காள் தங்கையாகவோ அவளாகவேயோ பெர்ஹ்டா. வோடன் இங்கே வுடன், தோர் இங்கே துன்னர்.

உள்ளூர்க் கதையோடு சேர்த்துத்தான் இவர்களை வழிபடுகிறார்கள். நீலமலை என்று அவர்கள் அழைக்கும் நீண்ட மலைத்தொடரில் நித்திய வேட்டைக்காரன் அலைகிறான் என்பது குடியேறிகளின் பழங்கதை. விளைச்சல் பொய்த்து ஆரம்பக் குடியேறிகள் பசியில் கிடந்தபோது இரவில் நாய்க்கூட்டத்தின் குரைப்பு கேட்டதாம். மலைவிலங்குகள் துரத்தப்பட்டுப் பள்ளத்தாக்குக்கு இறங்கி வந்ததாம். ஈஸ்டன் ஊருக்குத் தெற்கே ஹெக்ஸென்கோப் என்று ஒரு பாறைக்குன்று. சூனியக்காரிகள் கூடுமிடம் என்று பயந்து சொல்வார்கள், நாட்டு வைத்தியர்கள் நோயை ஓட்டி அந்தப் பாறைக்குள் அனுப்பினார்கள் என்றும் சொல்வார்கள். ஓலி மலைப்பகுதியில் வாழ்ந்து 1819-ல் இறந்த மலை மரியா என்ற மருத்துவப் பெண்மணி இன்றும் மரியாதையோடு பேசப்படுகிறார். அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர், அதை மறைக்காமல்தான் மதிக்க வேண்டும்.

ஹோலேக்கு உரியது எல்டர் மரம். வெட்டுவதற்கு முன் மரத்திடம் அனுமதி கேட்பது வட ஐரோப்பாவில் பரவலான வழக்கம். கேளுங்கள், ஒரு கொத்துப் பழத்தைப் பறவைகளுக்கு விடுங்கள். எல்டரின் இலை, தண்டு, பழுக்காத காய் எல்லாம் நஞ்சு. பழுத்த பழத்தையும் சமைத்துத்தான் உண்ண வேண்டும்.

ஆறாவது: மந்திரிப்பதில் அவசரம் வேண்டாம்

ப்ராவ்ஹெரை என்பது அவர்களுடைய மந்திரிக்கும் மரபு. தீப்புண், அக்கி மாதிரி வரும் சிவந்த தோல் நோய், குழந்தை நோஞ்சானாய்ப் போவது, இரத்தம் நிற்காதது இவற்றுக்கெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்து மூன்று முறை ஓதுவார்கள். சிவப்பு நூலால் உடலை அளப்பார்கள். கட்டணம் கேட்பதில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள். ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்குமாகத்தான் கற்றுக்கொடுப்பது பழைய முறை. 1802-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜான் ஜார்ஜ் ஹோமன், ரெடிங் நகரில் 1820-ல் இந்த மந்திரங்களையும் கைமருந்துகளையும் ஒரு நூலாக அச்சிட்டார். அதைக் கையில் வைத்திருப்பவன் தண்ணீரில் மூழ்கான், நெருப்பில் வேகான் என்று புத்தகமே வாக்குக் கொடுத்தது. நன்றாக விற்றதில் ஆச்சரியமில்லை.

உர்க்லாவேயில் திரித்துவத்தின் இடத்தில் பழைய தெய்வங்களின் பெயரை வைத்து ஓதுகிறார்கள். கற்க ஆசை இருந்தால் இரண்டாவது வருடத்தில் கற்றவர் ஒருவரிடம் போங்கள். புத்தகம் பார்த்து ஆரம்பிக்க வேண்டாம். 1928 நவம்பரில் யார்க் கவுன்டியில் ஒரு மந்திரவாதி கொல்லப்பட்டார். அவர் தனக்குச் சூனியம் வைத்துவிட்டார், அவருடைய புத்தகத்தையோ ஒரு பிடி முடியையோ எடுத்தால் விலகும் என்று நம்பிய இன்னொரு மந்திரவாதி இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் செய்த கொலை. எனக்கு யாரோ வைத்துவிட்டார்கள் என்று பேச ஆரம்பிக்கிற ஆள் எந்தக் குழுவில் இருந்தாலும் தள்ளி உட்காருங்கள். காய்ச்சலுக்கும் கட்டிக்கும் மருத்துவரிடம் போங்கள், ஓதுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக: குழுவில் சேர்வது

தமிழர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: வெள்ளைத் தோல் இல்லாத நம்மை உள்ளே விடுவார்களா? கேள்வி நியாயமானது. ஜெர்மானியப் பழஞ்சமயத்தை இனவெறிக்கு மூடுதிரையாக வைத்திருக்கும் கூட்டங்கள் அமெரிக்காவில் நிஜமாகவே உண்டு. அவர்கள் தங்களை ஃபோக்கிஷ் என்று சொல்லிக்கொள்வார்கள். வட ஐரோப்பிய இரத்தம் உள்ளவருக்கு மட்டும் என்பார்கள். அப்படிப்பட்ட பெரிய அமைப்பு ஒன்றோடு தங்களுக்கு எந்த உறவும் இல்லை என்று 2016-ல் உலகெங்கும் உள்ள பல ஹீதன், அதாவது ஜெர்மானியப் பழஞ்சமய, குழுக்கள் சேர்ந்து பிரகடனம் 127 என்ற அறிக்கையில் கையெழுத்திட்டன. 1987-லிருந்து இருக்கும் ட்ரோத் என்ற அமைப்பு எல்லோருக்கும் திறந்தது. ஷ்ரைவர் அதிலும் பொறுப்புகள் வகித்தவர். உர்க்லாவேக்கும் வம்சாவளி நிபந்தனை கிடையாது. மொழியையும் மண்ணையும் மதித்து வந்தால் போதும் என்பது அவர்கள் நிலைப்பாடு.

அப்படியிருந்தும் எந்தக் குழுவானாலும் போவதற்கு முன் நேராகக் கேட்டுவிடுங்கள். யார் யாரைச் சேர்ப்பீர்கள்? வம்சாவளி பார்ப்பீர்களா? ஒன்றாம் வாக்கியத்திலேயே தெளிவான பதில் வர வேண்டும். முன்னோர், பண்பாடு, அவரவர் வேர் என்று சுற்றி வளைத்தால் அதுவே பதில். பணம் எவ்வளவு, யார் கணக்கு பார்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். சடங்குகளுக்கு வந்து பார்க்கலாம், சேர வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று சொல்கிற குழுவே நல்லது.

முதல் சடங்குக்கு வெளியில் நிற்கத் தோதான செருப்பும் கோட்டும் போட்டுக்கொண்டு போங்கள். வட்டத்தில் பாத்திரம் சுற்றி வரும்போது மது வேண்டாம் என்றால் உதட்டில் வைக்காமல் உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பல இடங்களில் ஆப்பிள் சாறே இருக்கும். டைட்ச் மொழியில் ஓதுவது புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் பிறகு கேளுங்கள், அங்கேயே பாதிப் பேருக்கு அது கற்றுக்கொண்ட மொழிதான். புகைப்படம் எடுப்பதற்கு முன் அனுமதி.

சடங்குக்குப் பிறகு சாப்பாடு உண்டு, ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவார்கள். சைவக்காரர்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டிய இடம் இது. புளிக்கோஸோடு பன்றி இறைச்சி, கீரையில் பன்றிக்கொழுப்பு, மாவுருண்டையோடு ஹாம் என்று எல்லாவற்றிலும் பன்றி நுழைந்திருக்கும். ஊறவைத்த பீட்ரூட், சௌசௌ என்று அவர்கள் சொல்லும் கலவைக் காய் ஊறுகாய் இரண்டும் பொதுவாகப் பிரச்சினையில்லை. வெல்லப்பாகு ஊற்றிய ஷூஃப்ளை பையைப் பார்த்ததும் கை நீளும். அதன் அடிமாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம், சுட்டவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.